பால்மரப் பட்டையில் காணும் எழுத்து

கிள்ளான் வட்டாரத்துப் பழைய பால்மரங்களில், பால்வெட்டுக் கத்தி படாத மேற்பட்டையை உற்று நோக்கின் சாம்பல் வெண்மையான திட்டுகள் தென்படும். பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோர மரங்களிலும் இத்தகைய திட்டுகள் உண்டு. சுண்ணாம்பு தெறித்தாற்போன்ற அவற்றுள் சிலவற்றின்மேல், மையால் கிறுக்கியதுபோல் கருங்கோடுகள் நெளிந்தும் கிளைத்தும் கிடக்கும். மரத்துக்கு நோய் கண்டுவிட்டது என்பார் பலர். அது நோயன்று, லைக்கன் என்னும் உயிர். மரம் அதற்கு இடம் தருகிறதேயன்றி உணவு தருவதில்லை.

அதனைப் பாசி என்றலும் பாதி உண்மையே. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் வாழ்வே லைக்கன் என 1867-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஷ்வெண்டனர் எடுத்துரைத்தபோது, அக்காலத்து லைக்கன் புலவர் பலர் அதை ஏற்க மறுத்தனர். இன்றோ, லைக்கனுக்கு இடும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது என்பது விதியாகவே உள்ளது. உள்ளிருக்கும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு. எழுத்து லைக்கன்களில் வாழ்வது பெரும்பாலும் டிரெண்டிபோலியா.

செட்டிநாட்டுச் சமையலில் சேரும் கல்பாசியும் லைக்கனே. ஆயினும் அஃது இலைபோல் மடல் விரிப்பது, தனியே பிய்த்தெடுக்கலாம். பால்மரத்து லைக்கனோ பட்டையோடு ஒட்டிய மேலோடு. பட்டையைச் சேர்த்துச் சீவினாலன்றி வாராது.

இதற்குப் பெயரிட்ட வரலாறு சுவையானது. லின்னேயசு 1753-இல் 'லைக்கன் ஸ்கிரிப்டசு' என்றார். சுவீடனின் அக்காரியசு 1809-இல் அதனைக் 'கிராபிசு ஸ்கிரிப்டா' ஆக்கினார். இரண்டும் எழுத்தைக் குறிக்கும் சொற்களே. குளிர்நாட்டு மரத்துக்குரிய அப்பெயர் வெப்ப நாட்டு மாதிரிகள் மீதும் நெடுங்காலம் ஒட்டப்பட்டது. கறுப்புக் கோடு கண்ட இடமெல்லாம் ஸ்கிரிப்டா!

கோட்டின் வடிவம் மட்டும் இனத்தைக் காட்டாது. அக்கோடு பூஞ்சையின் கனியுடல். அதன் இரு உதடுகளும் முற்றும் கரியவையா, மேற்புறம் மட்டுமா? நடுவில் தட்டு வெளித் தெரிகிறதா? பொட்டாசியம் ஐதராக்சைடு ஒரு துளி இட்டால் மஞ்சளாகிப் பின் சிவக்கிறதா? இவையெல்லாம் பார்த்த பின்னரே நுண்ணோக்கியில் ஸ்போர்களை நோக்குவர்.

1880-களின் தொடக்கத்தில், செனீவாவில் பணிபுரிந்த மியூல்லர், ஸ்போரின் நிறத்தையும் உட்சுவரையும் கொண்டு நான்கு பேரினங்கள் வகுத்தார். நிறமற்றுக் குறுக்குச்சுவர் மட்டும் உடையது கிராபிசு. நெடுக்குச்சுவரும் இருந்தால் கிராபினா. பழுப்பானவை பியோகிராபிசு, பியோகிராபினா. கற்பிக்க எளிது. ஆனால் சொற்களை வேரால் பிரிக்காது எழுத்தெண்ணிப் பிரித்தது போன்ற முறை அது. ஆயினும் நூறாண்டுக்கு மேல் நின்றது. 2002-இல் செருமானிய அறிஞர் சுடைகர், கனியுடலின் அமைப்பை முதன்மையாக்கி அதனைக் கலைத்தார். கிராபினாவில் இருந்த பல இனங்கள் கிராபிசுக்கு வந்தன. 2009-இல் லூக்கிங்கும் துணைவரும் வெளியிட்ட உலகத் திறவுகோலில் கிராபிசு ஒன்றிலேயே 300-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

ஆதலின் மாணவர் கொணரும் பட்டைத் துண்டுக்கு, பழம் பாடநூற் படத்தைப் பார்த்து ஸ்கிரிப்டா என்று எழுதுதல் பிழை. 'எழுத்து லைக்கன், கிராபிடேசிக் குடும்பம்' என்றளவில் நிறுத்தி, மரத்தின் பெயர், தோட்டம், தரையிலிருந்து உயரம், நாள் ஆகியவற்றைத் தாளுறைமேல் குறிக்கலாம். பால்மரங்கள் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட இவ்வட்டாரத்தில், அம்மரம் அடுத்த ஆண்டு நிற்கும் என்பது உறுதியன்று. உறைக்குள் உலர்ந்த பட்டையை நுண்ணோக்கி உடையவர் பிறகும் படிக்கலாம்.