நயாகராவைக் கடந்த கால்வாய்

வட அமெரிக்காவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் உரிய எல்லையை ஒட்டி ஐந்து பேரேரிகள் உள்ளன. அவை சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்டாரியோ என்பன. உலகில் நிலத்தின்மேல் உறையாது கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றுள் அடங்கும். நடுவில் நிற்பார்க்குக் கரை தோன்றாத இவற்றை ஏரி என்பதினும் நன்னீர்க் கடல் என்பதே பொருந்தும்.

இவை படிகள்போல ஒன்றின்கீழ் ஒன்றாய் அமைந்தவை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 183 மீட்டர் உயரத்தில் உள்ள சுப்பீரியரின் நீர், செயின்ட் மேரீஸ் ஆற்றின் வழியே ஹியூரனில் இறங்குகிறது. மிச்சிகனும் ஹியூரனும் ஒரு நீரிணையாற் கூடி ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அங்கிருந்து செயின்ட் கிளேர், டெட்ராய்ட் என்னும் ஆறுகள் நீரை ஈரிக்குக் கொணர்கின்றன. ஈரியிற் பிறக்கும் நயாகரா ஆறோ, ஒன்டாரியோவை அடையுமுன் ஏறத்தாழ 99 மீட்டர் இறங்குதல் வேண்டும். அவ்விறக்கத்தில் பாதியளவை அஃது ஒரே பாய்ச்சலிற் கடக்கிறது. அதுவே உலகம் புகழும் நயாகரா அருவி. ஒன்டாரியோவின் நீரைச் செயின்ட் லாரன்ஸ் ஆறு அட்லாண்டிக் மாகடலிற் சேர்க்கிறது.

அருவியில் கப்பல் ஏறுமோ? ஏறாது. ஆதலின் அதனைச் சுற்றிச் செல்ல 1829 ஆம் ஆண்டில் வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பெற்றது. தம் ஆலைக்குப் போதிய நீரின்றி இடர்ப்பட்ட வில்லியம் ஹாமில்டன் மெரிட் என்பவரே இதற்கு முன்னின்று உழைத்தவர். பன்முறை திருத்தி அமைக்கப்பெற்ற இக்கால்வாயின் இன்றைய வடிவம் 1932 இல் முறையாகத் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுள்ள இதில் எட்டு அடைப்புத் தொட்டிகள் உள்ளன. மேலேற வேண்டிய கப்பல் தொட்டியினுள் புகுந்ததும் பின்கதவு மூடப்படும். மேற்புறத்து நீர் உள்ளே பாயும். நீர் உயர உயரக் கப்பலும் உயரும். இரு மட்டமும் ஒத்தபின் முன்கதவு திறக்கும். இதற்கு நீரேற்றும் பொறி வேண்டுவதில்லை. நீரின் எடையே போதும்.

செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959 இல் திறக்கப்பெற்றபின், பெருங் கடற்கப்பல்கள் சுப்பீரியர் கரையிலுள்ள டலூத் வரை வரலாயின.

ஆனால், அருவி தடுத்து வைத்திருந்தது கப்பலை மட்டுமன்று. ஒன்டாரியோவில் வாழ்ந்த கடல் லாம்ப்ரே என்னும் உயிர், விலாங்கு போன்ற உடலும் தாடையற்ற வட்டவாயும் உடையது. பெருமீன்களைப் பற்றி உறிஞ்சி அவற்றின் குருதியை உண்பது. கால்வாய் வழியே மேலேறிய அது 1921 இல் ஈரியிற் காணப்பட்டது. 1930களின் முடிவிற்குள் மேலுள்ள ஏரிகள் எல்லாவற்றையும் எட்டிவிட்டது. பழங்காலந் தொட்டு அங்கு வாழ்ந்த டிரவுட் மீன்கள் பெரும்பாலும் அழிந்தன. அவற்றையே நம்பிய மீனவர் பிழைப்பும் உடன் அழிந்தது.

இரு நாடுகளும் கூடி 1955 இல் மீன்வள ஆணையம் ஒன்றை நிறுவின. லாம்ப்ரேயின் இளங்குஞ்சுகள் ஓடைகளின் சேற்றிற் பல ஆண்டுகள் புதைந்து வாழ்வன. பிற மீன்களுக்குப் பெருந்தீங்கின்றி அக்குஞ்சுகளைக் கொல்லும் மருந்து ஒன்று, ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஆய்ந்தபின் கண்டறியப்பட்டது. 1958 முதல் அது ஓடைகளில் இடப்படுகிறது. லாம்ப்ரே மிகக் குறைந்தது, ஆயினும் ஒழியவில்லை. பெருந்தொற்றால் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இப்பணி தளர்ந்தபோது அது மீண்டும் பெருகிற்று.