வைரத்தில் ஒரு பதக்கம்

விக்டோரியா மகாராணி 1878இல் பெண்களுக்கென்றே ஒரு விருதை ஏற்படுத்தினார். பெயர், ‘இந்திய மகுட விருது’. அதை வாங்கியவர்கள் யார் யார்? அரச குடும்பத்துப் பெண்கள், இங்கிலாந்தின் பிரபுக் குடும்பச் சீமாட்டிகள், இந்திய சமஸ்தான ராணிகள். அந்த வரிசையில் தஞ்சாவூர் இளவரசி விஜயமோகன முக்தாம்பாபாயும் உண்டு!

வைரம், முத்து, நீலப்பச்சைக் கற்களில் மகாராணியின் பெயரெழுத்துகள், சுற்றிலும் முத்து வரிசை, மேலே கிரீடம். வெள்ளைக் கரையிட்ட வெளிர்நீலப் பட்டு முடிச்சில் அந்தப் பதக்கம் தொங்கும்.

அதற்கு முன் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1855இல் இளவரசியின் தந்தை, மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது.

மூத்த ராணி காமாட்சிபாய் சும்மா இருக்கவில்லை. துணிந்து வழக்குப் போட்டு, சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றும் காட்டினார். ஆனால் 1859இல், மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று கைவிரித்துவிட்டது. அநியாயம்தான்.

1862இல் அரசே இறங்கிவந்து, குடும்பத்தின் தனிச் சொத்துகளை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது.