தாத்தாவின் அப்பா பெயர் என்ன?

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளிடம் மாலை பெற்று ஒன்பது முறை வலம் வந்தவர்கள், கல்யாணமானதும் அந்த வாடிய மாலையோடு ஜோடியாகத் திரும்புவார்கள். அந்த மாலை கல்யாணத்துக்குச் சாட்சி; ஆனால் வம்சம் தேடுகிறவருக்கு மாலை போதாது, ஏடு வேண்டும்.

அங்கிருந்து வடக்கே, சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத் திருமணப் பதிவேட்டில் முதல் பெயர் எலிஹு யேல், ஆண்டு 1680. பின்னாளில் ஆளுநரான இவரது குடும்பப் பெயர், வேல்ஸில் ரெக்ஸம் அருகேயுள்ள யால் என்ற பகுதியிலிருந்து வந்தது.

வேல்ஸில் ஒருகாலத்தில் பலருக்கும், நம் இனிஷியல் போல, அப்பா பெயர்தான் பின்னொட்டு. தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அதனால் வம்சம் தேடுபவர்கள் தேவாலய ஏட்டோடு உயில்களையும் புரட்டுவார்கள். மகள், மருமகன், மாடு கன்று வரை உயிலில் வந்துவிடுமே! 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள் ஆபரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன.

நம் வீட்டில்? பரணில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தைப் பிரியுங்கள். ‘இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் தகப்பனார் பெயரும் இருக்கும். நான்கு எல்லை சொல்லுமிடத்தில் பங்காளிகள் பெயரும் கிடைக்கலாம். பத்திரம் தொலைந்துவிட்டதா? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திர எண் கிடைத்தால் நகலுக்கு மனு கொடுக்கலாம்.