தகடூர் நெல்லியும் வெள்ளித் துகளும்

இற்றைத் தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த செய்தியைப் புறநானூறு பயின்றார் யாவரும் அறிவர். அந்நெல்லி இக்காலத்து ஆய்வுக்கூடத்திற் புரியும் வேறொரு தொண்டினை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கின், அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் அளவினவாய துகள்களே நானோ துகள்கள். பொருள் இத்துணை நுண்ணிதாயவழி அதன் நிறமும் குணமும் வேறுபடும். நீரிற் பரந்த பொன்துகள் செந்நிறம் காட்டும். வெள்ளித்துகள் மஞ்சள் நிறம் காட்டும். பொன்னின் இவ்வியல்பை 1857-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்துரைத்தார்.

இத்துகள்களை ஆக்குவது எங்ஙனம்? வெள்ளி நைட்ரேட்டு என்னும் உப்பை நீரிற் கரைப்பின், வெள்ளியணு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் உலவும். இழந்ததை மீட்டுக் கொடுப்பின், அணுக்கள் ஒன்றுகூடித் துகளாம். அங்ஙனம் கொடுத்தற்குச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற கடிய இரசாயனங்களைப் பயன்படுத்துதல் வழக்கம். அப்பணியைத் தாவரச் சாறே செய்யுமாயின் அதனைப் பசுமை முறை என்பர். புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த முரளி சாஸ்திரியும் அவர் குழுவினரும், நெல்லிக்கனிச் சாற்றால் வெள்ளி, பொன் ஆகிய இரண்டன் துகள்களையும் ஆக்கி, 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இம்முறை எளிது. தாவரப் பகுதியை நறுக்கி நீரிலிட்டுக் காய்ச்சி வடிப்பர். லிட்டருக்கு 0.17 கிராம் அளவில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைந்த நீரில் அச்சாற்றைச் சிறிது சேர்ப்பர். நிறமற்ற நீர் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். அதுவே துகள் தோன்றியதற்கு அறிகுறி. நெல்லிக்குத் துவர்ப்பைத் தரும் டானின் முதலியவையே எலக்ட்ரானை ஈவன. துகள்களைப் போர்த்து, அவை ஒட்டித் திரளாவண்ணம் காப்பனவும் இத்தகைய பொருள்களே.

வெள்ளித்துகள் நோய்க்கிருமிகளைக் கொல்லும். இதனைக் கேட்டவுடன், தருமபுரி மாவட்டத்துக் கிணற்றுநீரின் தீங்கு இதனால் ஒழியுமென நாமும் மகிழ்ந்தோம். ஆராய்ந்தபின் அஃது அன்றெனத் தெளிந்தோம். அந்நீரின் பெருங்குற்றம் பாறையினின்று கரைந்த புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிக்க நீரை நெடுநாள் பருகினார்க்குப் பல் கறைபடும், என்பு கெடும். கிருமியைக் கொல்லும் வெள்ளி புளோரைடை நீக்காது, கொதிக்கவைத்தலும் நீக்காது. ஆகலின், 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரிநீரை ஊர்களுக்குக் கொணர்ந்ததே இந்நோய்க்கு ஏற்ற வழியாயிற்று.

அன்றியும், பசுமை என்னும் பெயராலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. வெள்ளி நைட்ரேட்டு தோலைக் கறுப்பிக்கும். துகள் ஓடையிற் கலப்பின் நன்மை புரியும் நுண்ணுயிர்களும் மடியும். காயின் பருவமும் விளைந்த நிலமும் மாறின் சாற்றின் ஆற்றலும் மாறும். ஆதலின் ஒருமுறை பெற்ற அளவையே மறுமுறையும் பெறுதல் அரிது.

அதியமான் கனியின் பயனை நன்கறிந்தே ஈந்தான். நாமும் ஒரு பொருளின் பயனோடு அதன் எல்லையையும் அறிந்த பின்னரே பிறர்க்கு உரைத்தல் கடனாம்.