அளவான டென்ஷன்

தளர்ந்த பெல்ட் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அளவுக்கு மீறி இறுகிய பெல்ட் சத்தமில்லாமல் செலவு வைக்கும். பட்டறைகளுக்கு இரண்டாவதுதான் ஆபத்து.

காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில், தும்கூர் சாலையை ஒட்டிய தெருக்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டர்கள் உயர்கின்றன. ஏதோ ஒரு பட்டறையில் கம்ப்ரசரின் ஸ்விட்சைப் போட்டதும் 'கிரீச்' என்று ஓர் அலறல். பழகிய காதுகளுக்கு அது என்னவென்று தெரியும்: பெல்ட் நழுவுகிறது. வைத்தியமும் தெரிந்ததுதான். மோட்டாரின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைப் பின்னால் தள்ளி, மறுபடி முறுக்கினால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்பது பட்டறைக் கணக்கு. பல சமயம் பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

சாஃப்ட்வேர் நகரம் என்று பெயர் வாங்கிய பெங்களூருவுக்கு இன்னொரு முகம் பீன்யா. 1970களில் உருவான இந்தப் பேட்டையில் இன்று ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள். கன்னடத்தோடு தமிழும் இந்தியும் கலந்து ஒலிக்கும் இந்தப் பட்டறைகளில் பிரஸ், கம்ப்ரசர், ப்ளோயர், துளையிடும் இயந்திரம் என்று பலவற்றையும் மோட்டாரோடு இணைப்பது ரப்பராலான வி-பெல்ட்தான். சாதாரண பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய். அது கெடுக்கக்கூடிய மோட்டாரின் விலையோ பல ஆயிரம்.

வி-பெல்ட்டின் தத்துவம் எளிது. ஆப்பு வடிவில் இருக்கும் பெல்ட், புல்லியின் பள்ளத்தில் இறங்கி இரு பக்கச் சுவர்களையும் கவ்விப்பிடிக்கிறது. மோட்டார் ஓடும்போது பெல்ட்டின் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். இரண்டு பக்கங்களின் இழுவிசைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் இயந்திரத்தைச் சுற்றுகிறது. தளர்ந்த பக்கத்தின் விசையைப்போல இறுகிய பக்கத்தில் சுமார் ஐந்து மடங்கு இருக்கலாம் என்பது வடிவமைப்பாளர்களின் வழக்கமான கணக்கு. ஆனால் தளர்ந்த பக்கத்திலும் ஓரளவு பிடிப்பு இருந்தாக வேண்டும். அதுவும் போய்விட்டால் பெல்ட் நழுவத் தொடங்கும்.

நழுவும் பெல்ட் உரசிச் சூடாகிறது. பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றன, ரப்பர் கடினமாகி வெடிக்கிறது. கரண்டும் வீணாகிறது. சரியாகப் பொருத்திய புது வி-பெல்ட் மோட்டாரின் சக்தியில் 95 முதல் 98 சதவீதத்தைக் கடத்தும். கவனிக்காமல் விட்டால் அதில் 5 சதவீதம் வரை குறையலாம். 10 குதிரைசக்தி மோட்டார் முழுச் சுமையில் நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால், அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 900 யூனிட்.

இதற்குப் பயந்து இறுக்கோ இறுக்கென்று இறுக்கினால் வேறு வம்பு. பெல்ட்டின் இழுப்பு மோட்டாரின் ஷாஃப்ட் மீதும் பேரிங் மீதும் இரவு பகலாக விழுகிறது. பால் பேரிங் மீதான சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். 26 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதிதான். சில மாதங்களில் பேரிங் போகும்போது பழி கரண்ட் மீதோ, கிரீஸ் மீதோ, மோட்டாரை ரீவைண்டிங் செய்தவர் மீதோ விழுகிறது. பெல்ட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் சத்தமே போடவில்லையே!

எது சரியான அளவு? இயந்திரம் அதிகபட்சச் சுமையில் ஓடும்போதும் பெல்ட் நழுவாமல் இருக்க எவ்வளவு குறைந்த இறுக்கம் போதுமோ, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் அழுத்தம் போதாது, ஏனென்றால் விரலுக்கு விரல் பலம் மாறும். ஸ்பிரிங் தராசும் ஸ்கேலும் இருந்தால் போதும். இரு புல்லிகளுக்கும் இடையே பெல்ட் எதையும் தொடாமல் நிற்கும் நீளத்தை அளந்து, நடுவில் செங்குத்தாக அழுத்த வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 மில்லிமீட்டர், அரை மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் விசை, பெல்ட் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் அந்த ரகத்துக்கும் சிறிய புல்லியின் விட்டத்துக்கும் குறித்துள்ள எல்லைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் தளர்வு, கூடினால் இறுக்கம்.

புது பெல்ட்டுக்குத் தொடக்கத்தில் சற்று அதிக இறுக்கம் தர வேண்டும். ஓட ஓட அது பள்ளத்தில் நன்றாக அமர்ந்து தளரும். அதனால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்த இரண்டாவது பார்வைதான்.

தவறான பழக்கங்களுக்கும் குறைவில்லை. மோட்டாரை நகர்த்தச் சோம்பல்பட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி பெல்ட்டை ஏற்றினால், உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழசு இரண்டும் சும்மா இருக்க, புதுசு தனியாகப் பாரம் சுமந்து சாகும். நழுவும் பெல்ட் மீது பிசின் தூள் தூவுவது தோல் பெல்ட் காலத்து வைத்தியம். ரப்பருக்கு அது ஆகாது.

நவீன வழியும் உண்டு. நிற்கும் பெல்ட்டை விரலால் சுண்டினால் அதிரும். அதிர்வைக் கேட்டு இறுக்கத்தைச் சொல்லும் கருவிகளும், செல்போன் செயலிகளும் வந்துவிட்டன. தம்புரா தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும் அதே விதிதான். சுருதி இரட்டிப்பாக வேண்டுமென்றால் இறுக்கம் நான்கு மடங்காக வேண்டும்.

எந்த வழியானாலும் முதல் வேலை மெயினை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுவது. கடைசி வேலை, கழற்றிய காவல்கூண்டைத் திரும்ப மாட்டுவது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சிக்கிய விரலுக்கு மாற்று உதிரிபாகம் கிடையாது.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. ஆனால் ஆர்டரை மாலைக்குள் அனுப்பியாக வேண்டிய சிறு பட்டறைக்கு அந்த அரை மணி பெரிதாகத் தெரிகிறது. பேரிங் போய் இயந்திரம் ஒரு நாள் முழுக்க நிற்கும்போதுதான் மலிவு எது என்று புரியும். ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, துடைத்து, சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். பெல்ட் கேட்பது அந்தக் கவனிப்பைத்தான், வருடத்துக்கு இன்னும் சில தடவை.