பெண் வேடம் கட்டிய பிள்ளை

தோட்டத்துப் பள்ளி விழாவில் ஒரு பையன் சேலை கட்டி மேடை ஏறினால் நாம் கைதட்டுகிறோம். மறுநாள் அவனையே கேலிப் பெயரிட்டு அழைக்கிறோம். இது முறையா?

நம் கதைகளையே எடுத்துக்கொள்வோம். வில்வீரன் அர்ச்சுனன், விராட நாட்டில் பிருகன்னளை என்னும் பெயரில் ஓராண்டு வாழ்ந்து, இளவரசி உத்தரைக்கு நடனம் கற்பித்தான். பெண்ணாய்ப் பிறந்த சிகண்டி, ஆணாகிப் பாரதப் போரில் நின்றான். தெருக்கூத்தில் திரௌபதி வேடத்தை வழிவழியாக ஆண்களே கட்டினார்கள். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தே 'ஔவை' சண்முகம் எனப் பெயர் பெற்றார். கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். இவர்களுக்கெல்லாம் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

வேடம் கட்டுவது கலை. அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் குணத்தை அளப்பது தவறு.

சிலருக்கோ அது வேடமன்று, உள்ளத்தின் இயல்பு. அவர்களை இன்று திருநங்கை, திருநம்பி என மரியாதையுடன் அழைக்கிறோம். தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்தது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே சொல்லிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

கேலிக்கு அஞ்சிப் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளையின் படிப்பை யார் திருப்பித் தருவது? நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நாம், நம் வீட்டுப் பேச்சிலிருந்தே இக்கேலியை நிறுத்துவோம். வகுப்பறையில் அதை நிறுத்துவது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை.