வேண்டுவது பிச்சையன்று, வேலையே

உடற்குறையுடைய ஒருவரைக் கண்டால் நம் உள்ளம் இரங்குகிறது; கையில் உள்ளதைக் கொடுக்கிறோம். இரக்கம் நற்குணமே. எனினும் நாம் இடும் காசு ஒருவேளைப் பசியைத் தணிக்குமேயன்றி ஒரு வாழ்வை நிலைநிறுத்தாது. வாழ்வை நிலைநிறுத்துவது வேலையே. இவ்வுண்மையை உணர வேலூர் வரலாறு நமக்கு உதவும்.

கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1940களின் பிற்பகுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்துவதே அம்முறை. விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் ஊர் திரும்பியவர்களுக்கு வேலை தர யாரும் முன்வரவில்லை. கைகள் சீரானதைக் கண்டு பிச்சை இடுவோரும் குறைந்தனர். கை கிடைத்தும் பிழைக்க வழி இல்லை!

எனவே, 1951ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கே அவர்கள் தச்சு வேலையும், மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்வதும் கற்றனர். தொழுநோய் தொடு உணர்ச்சியைப் போக்கிவிடும். கருவியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது தெரியாமல் கை புண்ணாகும். எனவே கைக்கேற்பக் கருவியின் பிடியை மாற்றியமைத்தனர். மனிதரை ஒதுக்காமல் கருவியை மாற்றியதே இதன் சிறப்பு.

அதே கல்லூரியில் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தன. நின்று அறுவை சிகிச்சை செய்ய அவரால் இயலாது. ஆனால் கைகளுக்கான சிகிச்சையை அமர்ந்தே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையின் முதல் தலைவரானார். அவரது முயற்சியால் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 விழுக்காடாக உயர்த்தியது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் இதில் அடங்குவர். ஊழியரின் தேவைக்கேற்பப் பணியிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்து தருவது அரசு அலுவலகங்களின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் வேலைகள் அரசிடம் மட்டும் இல்லை. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் இருக்கின்றன.

அன்புச் சகோதரிகளே! நாளை நம்மில் சிலர் ஆசிரியைகளாகலாம், அதிகாரிகளாகலாம், தொழில் நடத்துவோராகலாம். வேலை கேட்டு ஒரு மாற்றுத்திறனாளி நம்முன் வரும்போது, “இவரால் என்ன முடியாது?” என்று எண்ணாமல், “இவர் வேலை செய்ய இங்கே எதை மாற்றியமைக்க வேண்டும்?” என்று கேட்போம். ஒரு சாய்தளமோ, உயரம் குறைந்த ஒரு மேசையோ போதுமானதாக இருக்கலாம். பெற்றோரும் இத்தகைய குழந்தைகளை வீட்டிற்குள் வைத்துவிடாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கல்வியே வேலைக்கு முதற்படியன்றோ!